மலையேற மறுத்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கொல்லிமலைப் பாதையில் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல சாரல். கையில் குடை. மேலே இருந்து இறங்கி வந்த பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டி, “என்னம்மா, ஏதும் ஒதவி வேணுமா?” என்றார். “வேண்டாங்க, புகை பாக்குறேன்” என்றேன். அவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... எனக்கான சர்ட்டிபிகேட் அதிலேயே இருந்தது.

வீட்டில் உட்கார்ந்து வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருக்கும் பெண்மணிக்கு இது தேவையா? தேவைதான். சொல்கிறேன்.

என் அக்கா வசந்தாவைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடியும். ஆலங்குடிப் பக்கம் கடலையும் தென்னையுமாக விவசாயம் செய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். சில வருஷங்களுக்கு முன் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. நிற்பாள், நடப்பாள், படுப்பாள். உட்காரத்தான் முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், வலி பின்னி எடுத்துவிடும்.

பஸ்ஸோ காரோ, மனுஷன் உட்கார்ந்துதானே போகவேண்டியிருக்கிறது? ஆகவே அக்கா எங்கும் போவதில்லை.

அவளுடைய ஒரே மகள் கவிதா நர்ஸ். கொல்லிமலையில் வேலை கிடைத்துப் போனவள், அங்கேயே மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கல்யாணமும் செய்துகொண்டாள். நல்ல மனிதர்கள். ஆனால் தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு அல்லவா? அக்காவால் தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், பிரசவத்தை யார் பார்ப்பது? ‘நாங்களே பாத்துக்கறோம் சம்பந்தி’ என்று அவர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெருந்தன்மை அக்காவை எவ்வளவு அறுத்தது என்பது எனக்குத் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. வீடியோ காலில் பார்த்தோம். “கொஞ்சம் வளரட்டும்மா, நானே தூக்கிட்டு வந்து காட்டறேன்” என்றாள் கவிதா.

“நீ வந்து காட்டக் கூடாதுடி. நான் வந்து பாக்கணும்” என்றாள் அக்கா. “பிரசவந்தான் பாக்க முடியல. தொட்டில்ல போட்டுப் பேரு வைக்கிறதுக்காவது நான் வாரேன்.”

கவிதாவும் அம்மாவைப் போலவே பிடிவாதக்காரி. அம்மா வரும்வரை பெயர் வைக்கப்போவதில்லை என்று புகுந்த வீட்டில் அறிவித்துவிட்டாள். குழந்தைக்குப் பெயர் இல்லை. வெறும் ‘பாப்பா’.

இப்போது அத்தானுக்கு வருகிறேன். அக்கா வீட்டுக்காரர் அடைக்கலம். அவருக்கு இரண்டு விஷயங்களில் உயிர். ஒன்று அக்கா, இன்னொன்று இன்ஜின். இரண்டின்மேலும் ஒரு தூசி பட விடமாட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா வாசல் கேட்டைத் தாண்டியதில்லை. “வெளில தூசி... காத்து வேற அடிக்கிது” என்பார். ஜன்னலைத் திறந்தால் பின்னாலேயே வந்து சாத்துவார். அன்புதான். யார் இல்லை என்றது?

அந்த அன்பில்தான் ஒரு பழைய டூரிஸ்ட் வேனை வாங்கினார். புதுக்கோட்டையில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், மெத்தை, ஃபேன், சின்னதாக ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்குக் கேரவன் நிற்குமே... அதற்கு ஏழைச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அதற்குப் பெயர் ‘வீட்டு வண்டி’. ஜன்னல் ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டியிருந்தார், தூசி வராமல் இருக்க. அக்கா படுத்துக்கொண்டே உலகத்தைச் சுற்றலாம்.

உலகம் கிடக்கட்டும், முதலில் கொல்லிமலை.

முதல் பயணம். அத்தான்தான் டிரைவர், பக்கத்தில் நான், பின்னால் கட்டிலில் அக்கா. அவளைச் சுற்றிலும் சீர்... அரிசி மூட்டை, கடலை மூட்டை, தேங்காய், பித்தளைக் குடம், வெள்ளிக் கொலுசு, பலகாரத் தூக்கு. திருச்சி தாண்டி, நாமக்கல் தாண்டி அடிவாரம் வரை வண்டி சமர்த்தாக ஓடியது. மலைப் பாதையில் கொஞ்ச தூரம்தான் ஏறியிருப்போம். சாரல் ஆரம்பித்தது. வண்டி முனக ஆரம்பித்தது. மூன்றாவது கியர் இழுக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. முதல் கியரில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாலும், ‘நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்’ என்கிறது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் பாதிகூடத் தாண்டவில்லை. திரும்பிவிட்டோம்.

புதுக்கோட்டையில் டீசல் வண்டிகளுக்குப் பேர்போன மெக்கானிக் முபாரக். கெட்டிக்காரர். அது அவருக்கும் தெரியும். டீசல் ஃபில்டரை மாற்றினார், லைனைச் சுத்தம் செய்தார். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டு அசந்துபோனார்.

“இம்புட்டு சுத்தமான ஏர் ஃபில்டர நான் பாத்ததே இல்லண்ணே. அந்தப் பக்கம் பிரச்சினையே இல்ல.”

அத்தான் முகத்தில் அப்படியொரு பெருமை.

அடுத்து டெஸ்ட் டிரைவ். எங்கே போவது? எங்கள் மாவட்டம் உள்ளங்கை மாதிரித் தட்டை. நார்த்தாமலை இருக்கிறது, ஆனால் வண்டி ஏற்றிப் பார்க்கிற மலை இல்லை. ஊருக்கு வெளியே ஒரு மேம்பாலம் உண்டு. எங்களுக்கு இமயமலை அதுதான். முபாரக் அதில் ஏற்றி இறக்கிவிட்டு வந்தார். “குதிர மாதிரி போவுதுக்கா. நாலாவது கியர்லயே ஏறுது.”

இரண்டாவது பயணம். குதிரை அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

அந்த இறக்கத்தை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கவிதா போனில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பலகாரத் தூக்கை என்னிடம் நீட்டி, “பிள்ளைங்களுக்குக் குடுத்துரு” என்றாள். “நமக்குக் குடுப்பினை அம்புட்டுத்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. குடுப்பினையாவது மண்ணாவது! இது இன்ஜின். இன்ஜினுக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்கு ஓர் இடம் இருக்கும். கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இந்தப் பத்தியில் வண்டியைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அவ்வளவுதான், நீங்கள் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிட்டீர்கள். டீசலில் தண்ணீர் என்றார் ஒருவர். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். ‘வீட்டையே கட்டி ஏற்றினால் எந்த வண்டிதான் ஏறும்?’ என்று ஓர் அம்மணி. வாஸ்து பார்க்கச் சொன்னவரும் உண்டு... வண்டிக்கு!

ஒன்றையும் நான் தள்ளவில்லை. ஒவ்வொன்றாகப் பிடித்தேன். டீசல் டேங்கைக் காலி செய்து பார்த்தோம், தண்ணீர் இல்லை. கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி நகராது. இங்கே இன்ஜினே அல்லவா முனகுகிறது? அது கிளட்ச் இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் கொதிக்கும், அதுவும் இல்லை. பாரம்? அரிசி மூட்டையையும் கடலை மூட்டையையும் இறக்குங்கள் என்றேன். வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்கா என்று அத்தான் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. இறக்கிவிட்டுத்தான் பேசினார்.

இதற்கிடையில் மீமிசலில் இருந்து ஒரு வாசகர் போன் செய்தார். படகு வைத்திருப்பவர். கடல் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய குரல்.

“எல்லாஞ் சரிங்க. மலையேறயில பொகை என்ன கலர்ல வருது?”

விழித்தேன். நாங்கள் மூன்று பேரும் வண்டிக்குள் இருந்தோம். புகை வண்டிக்குப் பின்னால் வரும். யார் பார்த்தது? வண்டி நின்றதும் இறங்கி முன்பக்கத்தைத்தான் முறைத்தோமே தவிர, ஓடும்போது பின்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

முபாரக்கிடம் ஓடினேன். கறுப்பாக வந்தால் என்ன, வெள்ளையாக வந்தால் என்ன என்று கேட்டேன்.

“கறுப்புன்னா டீசல் போவுது, காத்து பத்தலன்னு அர்த்தம். ஆனா ஃபில்டர்தான் பளிச்சுன்னு இருக்கேக்கா.”

“அப்ப நீங்களும் மலைக்கு வாங்க.”

“நானா? இங்கிட்டு வேலை கெடக்குதுக்கா. வண்டியக் கொண்டாங்க, இன்னொருக்கா பாத்துர்றேன்.”

“காய்ச்சல் அங்கிட்டு வருது முபாரக். நீங்க இங்கிட்டு உக்காந்து நாடி பிடிச்சா எப்படித் தெரியும்? வண்டி ஒங்ககிட்ட வரும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நோவு வர்ற எடத்துல வந்து பாருங்க.”

தலையைச் சொறிந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு டீ வந்துபோனது. நான் எழுந்திருப்பதாக இல்லை என்று தெரிந்ததும் வர ஒத்துக்கொண்டார்.

அக்காவைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. “மறுபடியும் பாதிவரைக்கும் போயிட்டுத் திரும்பி வர என்னால ஆகாதுடி” என்றாள். உடம்பைச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. “இந்தத் தடவ ஏறாம எறங்க மாட்டோம்” என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அதே பாதை, அதே சாரல். அடிவாரத்தைத் தாண்டிச் சில வளைவுகள் ஏறியதும் அதே முனகல். நான் இறங்கிக்கொண்டேன். “அத்தான், நீங்க மெதுவா ஏத்துங்க. நான் பின்னால நிக்கிறேன்.” அப்போதுதான் பஸ் டிரைவரிடம் அந்த சர்ட்டிபிகேட் வாங்கினேன்.

அத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

புகை வந்தது. கறுப்பு. அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றியது போல அப்படியொரு கறுப்பு. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கரும்புகையைப் பார்த்துக் கைதட்டிய முதல் பெண்மணி நானாகத்தான் இருப்பேன்.

“காத்துதான்” என்றார் என்னோடு இறங்கி நின்ற முபாரக். “ஆனா எப்புடி?” அத்தானிடம் பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

இன்ஜினுக்குள் காற்று இழுக்கும் குழாய் ஒன்று உண்டு. அதன் வாயில் ஒரு துணி. நாலாக மடித்து, சணல் கயிற்றால் இறுக்கி, அழகாகக் கட்டியிருந்தது. சாரலில் நனைந்து, வழியெல்லாம் வாங்கிய செம்மண் தூசி சேறாகி, குழாய்க்குள் குழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் உறிஞ்சுகிறது... துணி விடமாட்டேன் என்கிறது.

“அண்ணே, இது என்ன?”

அத்தான் எட்டிப் பார்த்தார். “துணி.”

“அது தெரியுதுண்ணே. எதுக்கு?”

“தூசி போகாம இருக்க. டிராக்டருக்குக் கட்டுவோம்ல?”

கடலை அடிக்கும் காலத்தில் ஆலங்குடிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். களமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூசி பறக்கும். டிராக்டர் இன்ஜினுக்குள் அது போகாமல் இருக்கச் சிலர் காற்றுக் குழாயில் துணி கட்டுவார்கள். அவ்வப்போது அவிழ்த்து உதறிக் கட்டுவார்கள். டிராக்டர் நின்ற இடத்தில் நின்று கடலை அடிக்கும் மிஷினைச் சுழற்றும். மலையேறப் போவதில்லை. சாரலிலும் நனையப் போவதில்லை.

முபாரக்குக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. “நான் பாத்தப்ப ரெண்டு தடவையும் இது இல்லியேண்ணே?”

“ஒங்ககிட்ட வர்றன்னைக்கு அவுத்துருவேன்” என்றார் அத்தான்.

“ஏன்?”

“அழுக்காக் கெடக்கும்ல? மெக்கானிக்கிட்டக் காட்டுற வண்டி... ஒரு சுத்தமா இருக்க வேணாமா? வீட்டுக்கு வந்ததும் தொவைச்சுக் காயவெச்சுத் திரும்பக் கட்டிருவேன்.”

 முபாரக் சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். ஃபில்டர் ஏன் அப்படிப் பளபளத்தது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மேம்பாலத்தில் நாலாவது கியரில் பாய்ந்த குதிரையும் எனக்கு விளங்கியது. ஒர்க் ஷாப்புக்குப் போகும் நாளெல்லாம் அத்தான் விடியற்காலையில் எழுந்து வண்டியைக் குளிப்பாட்டி, இன்ஜினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கூட்டிப் போவார். நானும் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டியதைக் கழற்றி, நோயில்லாத வண்டியை டாக்டரிடம் காட்டி, ‘என்ன நோய் சொல்லுங்க’ என்று கேட்டிருக்கிறோம்.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்னவாம்? காய்ச்சலில் கிடக்கிற ஆளை எழுப்பி, முகம் கழுவி, பவுடர் போட்டு, இருப்பதில் நல்ல சட்டையை மாட்டித்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம்? டாக்டர் ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘நல்லா இருக்கேன் சார்’ என்றுதானே வாய் வருகிறது? வாரமெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வீடு, உறவுக்காரர் வந்து நின்றால் ஊதுபத்தி மணக்கிறது. ஆக நோயைக் காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் சுத்தத்தைக் காட்டிவிட்டு, யாருமே கண்டுபிடிக்கவில்லையே என்று புலம்புவது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

முபாரக் எழுந்து வந்து சணல் கயிற்றை அறுத்தார். துணியைப் பிழிந்தார். செந்தண்ணீர் ஒழுகியது. பின்னால் இருந்து அக்காவின் குரல் கேட்டது. கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது என் சேலைல்ல?”

அத்தான் தரையைப் பார்த்தார். “பழசுதான். நூல் சேலையில கிழிச்சா நல்லா வடிகட்டும்... அதான்...”

அந்த மனிதர் அப்போது நின்ற நிலையைப் பார்த்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனைவி மகளைப் பார்க்கவேண்டும் என்று வண்டி வாங்கியவர், அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று தன் கையாலேயே அதன் மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறார். திட்டுவதற்கு வரிசையாக வார்த்தைகள் வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அக்காவும் திட்டவில்லை.  “சரி, ஏறுங்க. வண்டிய எடுங்க” என்றாள்.

எடுத்தார்.

முதல் கியரிலிருந்து இரண்டாவது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது. முனகல் போய், கனமான, திடமான ஒரு சத்தம் இன்ஜினிலிருந்து வந்தது. நாங்கள் முன்பு திரும்பிய வளைவு வந்தது.  வண்டி அதைத் தாண்டியது. அதற்கு அடுத்ததையும் தாண்டியது. பின்னால் கரகரவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அக்கா படுத்தபடியே கையை நீட்டி, ரப்பர் ஒட்டிய ஜன்னலை நெம்பித் திறந்துகொண்டிருந்தாள்.

“சாரல் அடிக்கும் வசந்தா...” என்று ஆரம்பித்தார் அத்தான்.

“அடிக்கட்டுங்க.”

அத்தான் கியர் மாற்றினார். அக்கா முகமெல்லாம் நனைந்திருந்தது. சாரல் மட்டும்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கவிதா வாசலிலேயே நின்றிருந்தாள். அக்கா வண்டியிலிருந்து இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் அந்த வாசற்படியில் ஏறினாள். சம்பந்தியம்மாள் குழந்தையை அவள் கையில் கொடுத்து, “ஒங்களுக்காகத்தான் காத்துக்கெடந்தா” என்றார். நாலு வருஷமாக என் அக்கா முகத்தில் நான் பார்க்காத ஒன்றை அப்போது பார்த்தேன். தொட்டிலில் போட்டு, காதருகே குனிந்து, பெயரை மூன்று முறை சொன்னாள். கயல்விழி. அதுவரை பாப்பாவாக இருந்தவள் கொட்டாவி விட்டாள். இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பது போல.

முபாரக்குக்கு அங்கே ராஜ மரியாதை. ஒரு டம்ளர் மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வர, “அடுத்த தடவ வண்டிய ஒர்க் ஷாப்புக்குக் கொண்டாரப்பக் குளிக்க வெக்காமக் கொண்டாங்கண்ணே” என்று அத்தானிடம் கேட்டுக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கியது. அத்தான் பேத்தியை முதல்முறையாகக் கையில் வாங்கினார். குளிருமே என்று ஒரு துண்டைச் சுற்றினார். போதவில்லை என்று தன் சால்வையைச் சுற்றினார். அதற்கும் மேல் கம்பளியை எடுத்துத் தலையோடு சேர்த்து மூடி, பத்திரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு குழந்தை இருக்கிறது என்று நாங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

கட்டிலில் படுத்திருந்த அக்கா தலையை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

“ஏங்க... மூஞ்சிய மட்டுமாச்சும் தெறந்து விடுங்க. ஏற வேண்டிய மலை அவளுக்கும் நெறையக் கெடக்கு.”